நெஞ்சா, வயிறா? பிள்ளைகளுக்கு உடலைத் தொட்டுக் காட்டுங்கள்

சயான் ஆஸ்பத்திரி வாசலில் காலை வேளையில் அரை மணி நேரம் நின்றால் போதும். பள்ளிக்கூடச் சீருடையுடன் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் முன்னே நடப்பான். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவனுடைய பாட்டி பின்னே வருவாள். கேஸ் பேப்பர் எடுக்க வரிசையில் நிற்பவன் அவன்தான். டாக்டர் கேட்பதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்பவனும், பாட்டி சொல்வதை டாக்டருக்கு இந்தியில் சொல்பவனும் அவன்தான். அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மா நாலு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். நெல்லைச் சீமையிலிருந்து வந்து இருபது வருடம் ஆனாலும் பாட்டிக்குக் காய்கறி வாங்கும் இந்திக்கு மேல் வராது.

“நெஞ்சுக்குள்ள கரிக்குடா, இடக்கை வேற கடுக்கு” என்கிறாள் பாட்டி.

பையன் சற்று யோசித்து, “பேட் மே ஜலன் ஹை” என்கிறான். அதாவது வயிறு எரிகிறதாம். கை கடுப்பதை அவன் சொல்லவே இல்லை. எரிச்சலுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டான். டாக்டர் மறுபடி கேட்கிறார்: நெஞ்சிலா, வயிற்றிலா? பையன் விழிக்கிறான்.

பையன் மேல் குற்றம் இல்லை. அவன் நன்றாகப் படிக்கிறவன். மனித உடலில் எத்தனை எலும்பு என்று கேட்டால் 206 என்று தூக்கத்திலும் சொல்வான். ஆனால் இதயம் எந்த இடத்தில் இருக்கிறது, இரைப்பை எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கு யாரும் தொட்டுக் காட்டியதில்லை. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று பரவியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்தப் பிள்ளைகளின் நாக்கை நம்பித்தான் போகின்றன. அந்த நாக்குக்குத் தெரிய வேண்டியதை அந்தப் பிள்ளையின் விரல் முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு சொல், மூன்று உறுப்பு

தமிழில் நெஞ்சு என்பது ஒரே சொல். அதற்குள் இதயம், நுரையீரல், உணவுக்குழாய் என்று மூன்று உறுப்புகள் அடக்கம். நெஞ்சு கரிக்கிறது என்றால் பெரும்பாலும் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயில் மேலேறி வருவதாக இருக்கும். நெஞ்சு அடைக்கிறது என்றால் அது இதயமாகவும் இருக்கலாம், நுரையீரலாகவும் இருக்கலாம்.

இதயம் இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, சற்று இடப்பக்கம் சாய்ந்து, உதரவிதானம் என்ற தசைத் திரையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் திரைக்கு நேர் கீழே, இடப்பக்கத்தில் இரைப்பை. மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் நடுவே ஒரே ஒரு தளம் இருப்பதுபோல, இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு திரைதான். ஆகவேதான் மாரடைப்பு வரும்போது பலருக்கு மேல் வயிறு அழுத்துவதாகத் தோன்றுகிறது. வாய்வுப் பிடிப்பு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுத்து, காலையில் எழுந்திராதவர்களைப் பற்றி ஒவ்வொரு சாலிலும் ஒரு கதை உண்டு.

இடக்கை கடுப்பதற்கும் காரணம் உண்டு. இதயத்திலிருந்து வலியைச் சொல்லும் நரம்புகளும் கையிலிருந்து வரும் நரம்புகளும் முதுகுத்தண்டில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வந்து சேர்கின்றன. மத்திய ரெயில்வே வண்டியும் மேற்கு ரெயில்வே வண்டியும் தாதரில் சந்திப்பதுபோல. எந்த வண்டியில் வந்த சேதி என்று மூளைக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. இதயத்தின் வலியைக் கையின் வலி என்று எடுத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்த பிள்ளை பாட்டியின் கைக்கடுப்பைச் சொல்லாமல் விடமாட்டான். முதல் காரியமாக அதைத்தான் சொல்வான்.

படத்தில் தெரியாதது

பாடப் புத்தகத்தில் படம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் படம் தட்டையானது. எதன் பின்னால் எது, எதன் மேல் எது, எது எவ்வளவு பெரியது என்பதைத் தட்டைப் படம் சொல்லாது. ஒரு படத்தில் குடல் மட்டும், அடுத்த படத்தில் இதயம் மட்டும், இன்னொன்றில் எலும்புக்கூடு மட்டும். இவை எல்லாம் ஒரே உடம்புக்குள் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. இதயம் வரையச் சொன்னால் சீட்டுக்கட்டில் இருக்கும் ஆட்டினை வரைகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு.

உடலின் அமைப்புகளைப் படத்தாலும் சொல்லாலும் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் தொலைதூரத்தில் இல்லை. செம்பூருக்கு இரண்டு நிலையம் தள்ளி, மான்கூர்டில் இருக்கிறது 1974-ல் தொடங்கப்பட்ட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். ஹார்பர் லைனில் தினமும் போகிற எத்தனை தமிழர்களுக்கு அப்படி ஒரு மையம் அங்கே இருப்பது தெரியும்?

சக்கரத்தில் வந்த பாடம்

பொருளைப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டுவது இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. கல்கத்தாவில் உள்ள பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-ம் ஆண்டிலேயே காட்சிப் பொருள்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மியூசியத்துக்கு வர முடியாத பிள்ளையிடம் மியூசியம் போகட்டும் என்பதுதான் எண்ணம். கைப்பிடியைச் சுற்று, பொத்தானை அமுக்கு, என்ன நடக்கிறது பார் என்ற முறை அது. பிறகு பல ஊர் அறிவியல் மையங்களிலிருந்தும் இத்தகைய பஸ்கள் புறப்பட்டன.

மும்பையில் 1979-ம் ஆண்டு, சர்வதேசக் குழந்தைகள் ஆண்டில், ஒர்லியில் பிள்ளைகளுக்கான அறிவியல் பூங்கா திறக்கப்பட்டது. அதே இடத்தில் நேரு அறிவியல் மையத்தை 1985 நவம்பர் 11-ந் தேதி அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். நல்ல இடம். ஆனால் தாராவியிலிருந்து ஒரு குடும்பம் ஒர்லிக்குப் போய்வர வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாலைந்து பேருக்கு வண்டிச் செலவும் நுழைவுக் கட்டணமும் வேண்டும். பலருக்கு ஞாயிறும் வேலை நாள்.

ரெயிலும் சும்மா இருக்கவில்லை. 2007 அக்டோபர் 30-ந் தேதி டெல்லியிலிருந்து 16 பெட்டிகளுடன் ‘சயின்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்ற கண்காட்சி ரெயில் புறப்பட்டது. பிரதமர் மன்மோகன்சிங்கும் ஜெர்மனிப் பிரதமர் ஏஞ்சலா மெர்க்கலும் அதைத் தொடங்கி வைத்தார்கள். 2017 வரை பல கட்டங்களாக அந்த ரெயில் நாட்டைச் சுற்றியது. அதற்கும் முன்னால், 1991 ஜூலை 16-ந் தேதி, இதே மும்பையிலிருந்து ‘லைப்லைன் எக்ஸ்பிரஸ்’ என்ற ஆஸ்பத்திரி ரெயில் புறப்பட்டது. ஆபரேஷன் தியேட்டரே தண்டவாளத்தில் போக முடியுமென்றால் ஓர் இதய மாதிரி சந்துக்குள் வர முடியாதா?

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் வழியில் உள்ள குப்பம் ஊரைத் தமிழர் பலர் ரெயில் ஜன்னலில் பார்த்திருப்பார்கள். 1999-ல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளைக்கு அங்கே பெரிய வளாகம் இருக்கிறது. அதன் நடமாடும் ஆய்வுக்கூட வண்டிகள் பல மாநிலங்களில் அரசுப் பள்ளிகளுக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28-ந் தேதி திருச்சியில் ‘வானவில் மன்றம்’ என்ற திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களுடன் கருத்தாளர்கள் நேரே போகிறார்கள். ஊரில் இருக்கும் அண்ணன் மகனுக்குக் கிடைப்பது மும்பையில் இருக்கும் தம்பி மகனுக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா?

சேலையும் பாட்டிலும்

உடலைக் காட்டப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. பெரியவர்களின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அம்மாவின் சேலையைக் கயிறாக முறுக்கி, ஒரு பிள்ளையின் வயிற்றளவு உள்ள பைக்குள் மடித்து மடித்து அடைக்கச் சொல்லுங்கள். இதைவிடவும் நீளமானது வயிற்றுக்குள் இருக்கிறதா என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். குடல் ஏன் அத்தனை மடிப்பாக இருக்கிறது, சாப்பாடு ஏன் பல மணி நேரம் பயணம் செய்கிறது என்பதை அதன் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குடித்துவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி, அங்கே ஒரு பலூன் தோலை இழுத்துக் கட்டலாம். மூடியில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் உள்முனையில் சின்னப் பலூனைக் கட்டலாம். கீழ்த் தோலைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் பலூன் தானாக உப்பும். விட்டால் சுருங்கும். காற்று உள்ளே போவதால் மார்பு விரிகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. உதரவிதானம் கீழே இறங்கி மார்பு விரிவதால்தான் காற்று உள்ளே போகிறது. பெரியவர்களுக்கும் புதிதாக இருக்கும் இந்தச் செய்தியை ஒரு பழைய பாட்டில் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. பாட்டிலின் பக்கத்தில் ஓர் ஊசித்துளை போட்டுவிட்டு இழுத்துப் பாருங்கள். பலூன் முன்போல் உப்பாது. விபத்தில் விலாவில் காயம் பட்டவர்களுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

இதயம் கேட்க வேண்டுமா? 1816-ம் ஆண்டு பாரீசில் லானெக் என்ற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் ஒரு முனையைக் காதிலும் வைத்தார். காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. டாக்டர்களின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுதான். இன்றைய செய்தித்தாளையே அப்படிச் சுருட்டி நண்பனின் நெஞ்சில் வைத்துக் கேட்கலாம். பிறகு மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு மறுபடி எண்ணலாம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 70 முதல் 90 தடவை துடித்தது ஓடி வந்ததும் எங்கோ போய்விடும்.

இவற்றோடு உறுப்புகளைக் கழற்றி மாட்டும் உடல் மாதிரி ஒன்று வேண்டும். நுரையீரலை எடுத்தால்தான் இதயம் தெரியும். கல்லீரலைத் தூக்கினால்தான் பித்தப்பை தெரியும். எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் பொருத்துவதுதான் பாடம். ஒரு தடவை தவறாகப் பொருத்திவிட்டு மூடியை மூட முடியாமல் தவித்த பிள்ளைக்கு எது எங்கே என்பது பிறகு மறக்காது.

கறிக்கடைத் தமிழ்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. உறுப்புகளின் தமிழ்ப் பெயர்களே பாதிப் பாடம். நுரைபோல் லேசாக, துளைத்துளையாக இருப்பது நுரையீரல். கட்டியாகக் கனப்பது கல்லீரல். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ரத்தசோகைப் பெண்ணுக்கு நல்லது என்று கேட்டு வாங்கும் சுவரொட்டிதான் புத்தகத்தில் மண்ணீரல் என்று வருகிறது. குடல் குழம்பும் ஈரல் வறுவலும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘இது உனக்குள்ளும் இருக்கிறது’ என்று சொல்ல ஒரே ஒரு வரி போதும்.

ஆனால் நடப்பது என்ன? புத்தகத்தில் சிறுநீரகம், ஆஸ்பத்திரியில் கிட்னி, மராட்டிப் பலகையில் மூத்ரபிண்ட. மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யார் சொல்கிறார்கள்? மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த தகப்பனைக் குறை சொல்வதற்கில்லை. பிழைப்பு அப்படி. ஆனால் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டியின் வலியும் தமிழில்தான் வருகிறது. ஆகவே எந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையானாலும் உடலின் சொற்களைத் தமிழிலும் தெரிந்திருக்க வேண்டும். கண்காட்சிப் பொருள்களில் மராட்டி, இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் பெயர் எழுதி ஒட்டுவதற்கு ஒரு தாளும் பசையும் போதும்.

ஒரு நாள் கூத்தா?

இதற்கு மறுப்புச் சொல்பவர்களும் உண்டு. வண்டி காலையில் வரும், மாலையில் போய்விடும், நூறு பிள்ளைகள் முட்டி மோதிப் பொத்தானை அமுக்குவார்கள், மறுநாள் பழையபடி மனப்பாடம்தான் என்பார்கள். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. பின்வரிசைப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, முன்வரிசைத் தலைகளைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பும். வண்டி வந்தால் மட்டும் போதாது. வண்டி போன பிறகு அங்கே ஏதாவது தங்க வேண்டும்.

இன்னொன்று கூச்சம். பல உடல் மாதிரிகள் ஆணுடையவை. அடிவயிற்றோடு முடிந்துவிடுபவையும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைக்கு அந்த வருடம் தன் உடம்பில் நடப்பது என்ன என்பதைக் காட்டாத மாதிரி பாதி மாதிரிதான். கர்ப்பப்பை எங்கே இருக்கிறது, மாதவிலக்கு ஏன் வருகிறது என்பதை ஒரு பெண் ஆசிரியையோ நர்ஸோ பெண் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, தாய்மார்களையும் கூட வைத்துக்கொண்டு சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூச்சப்பட்ட டாக்டர்தான் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். கூச்சம் வந்தால் வழி கண்டுபிடிக்க வேண்டுமே தவிர, பாடத்தை மூடிவைக்கக் கூடாது.

சந்துக்குள் கண்காட்சி நடக்காது என்பதும் சரியல்ல. சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை ஏற்படுத்திய டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-ல் ‘ஸ்நேகா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு 2015-ம் ஆண்டு தாராவியில் உடல்நலத்தைக் கருப்பொருளாக வைத்து மூன்று வாரம் கலைக் கண்காட்சி நடத்தியது. தாராவி மக்களே தங்கள் கையால் செய்த பொருள்கள் அதில் இருந்தன. இடமில்லை என்று சொல்லும் தாராவியில்தான் அது நடந்தது.

செய்ய வேண்டியது

தமிழர் சங்கங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகின்றன. பொங்கல் விழாவுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் போடுகின்றன. பாராட்ட வேண்டிய காரியங்கள். அதே பட்டியலில் இன்னும் ஒரு வரி சேரட்டும்: ஒரு பெட்டி. கழற்றி மாட்டும் உடல் மாதிரி ஒன்று, பாட்டில் நுரையீரல் நாலு, ஸ்டெதஸ்கோப் இரண்டு, நாலு மொழியில் பெயர்ச் சீட்டுகள். இவ்வளவுதான். ஒரு வாரம் தாராவிப் பள்ளியில், அடுத்த வாரம் சயானில் ஒரு வாசகசாலையில், பிறகு செம்பூரில் ஒரு சங்கக் கட்டடத்தில் என்று பெட்டி சுற்றி வரட்டும். ஒரு நேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் ஒவ்வொரு கையும் பொருளைத் தொடும்.

அறிவியல் பஸ்ஸை அனுப்பும்படி நேரு அறிவியல் மையத்துக்குப் பள்ளிகள் எழுதிக் கேட்கலாம். மான்கூர்டு மையத்தில் ஆசிரியர்கள் யோசனை கேட்கலாம். சயான் ஆஸ்பத்திரியோடு 1964 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும் மற்றக் கல்லூரிகளிலும் படிக்கும் தமிழ் மாணவ-மாணவிகள் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் கொடுத்தால் பெட்டிக்கு ஆசிரியர் கிடைத்துவிடுவார். நெரிசலான சந்துகளில் காசநோய் இன்னும் போகவில்லை. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடும் அப்பாவிடம், ‘கிருமி இன்னும் நுரையீரல் ஓட்டைக்குள் ஒளிந்திருக்கிறது, ஆறு மாதமும் சாப்பிட வேண்டும்’ என்று பாட்டிலைக் காட்டிச் சொல்ல வீட்டிலேயே ஒரு பிள்ளை இருந்தால், அதைவிடப் பெரிய பிரசாரம் வேண்டியதில்லை.

மும்பைக்கு வந்த தமிழன் ஊரிலிருந்து நிலத்தைச் சுருட்டிக்கொண்டு வரவில்லை. கொண்டு வந்த முதல் இந்த உடம்பு ஒன்றுதான். கடைக்காரன் தன் கடையில் எந்தச் சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறான். உடம்பை முதலாகப் போட்டுப் பிழைப்பவன் வீட்டில் அந்த முதலுக்குள் இருப்பதை அறிந்தவர் ஒருவராவது வேண்டும்.

அந்தப் பையன் அடுத்த மாதமும் பாட்டியோடு அதே வரிசையில் நிற்கப் போகிறான். நெஞ்சிலா, வயிற்றிலா என்று டாக்டர் கேட்கும்போது, அவன் தன் விரலைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். “கையும் கடுக்கிறதாம்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். சங்கத்தார்கள் வரும் ஜூன் வரை காத்திருக்காமல் ஆவன செய்வார்களா?